பந்து மேல் போட்ட பழி

முழங்கால் எக்ஸ்ரேவுக்கு வரும் ஓ.பி. சீட்டில் "கீழே விழுந்ததாகச் சொல்கிறார்" என்ற வரி இல்லாமல் நான் பார்த்தது குறைவு. தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கபடி, கிரிக்கெட் பந்து, மாடு முட்டியது, மாடிப்படி வழுக்கியது என்று எல்லார் கையிலும் ஒரு கதை இருக்கும். பெரும்பாலும் கதை உண்மையாகவே இருக்கும். ஜவ்வு கிழிந்திருக்கும், எலும்பில் கீறல் விட்டிருக்கும், இல்லையென்றால் ஒன்றுமே இருக்காது. நாலு மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எப்போதாவது ஒரு படம் வேறு சங்கதியைச் சொல்லும். அன்றைக்கும் சீட்டில் அதே வரிதான் எழுதியிருக்கும்.

ஒரு பையனின் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. டிஜிட்டல் வருவதற்கு முந்தைய காலம். ஃபிலிமை ஹேங்கரில் மாட்டி, டெவலப்பர் தொட்டியில் முக்கி, சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்ப்போம். கதிர் தாராளமாகப் பட்ட இடம் முதலில் கறுக்கும். எலும்பு கடைசிவரை வெளுப்பாக நிற்கும். அந்தப் படத்தில் தொடை எலும்பின் கீழ்முனையை ஒட்டி, வெறும் சதை மட்டும் இருக்க வேண்டிய இடம் சரியாகக் கறுக்கவே இல்லை. திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. எலும்பின் ஓரத்திலிருந்து மெல்லிய கோடுகள் வெளிப்பக்கமாக விரிந்திருந்தன. சூரியக்கதிர் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அதற்குச் சற்று மேலே, எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வை யாரோ உள்ளிருந்து நெம்பியதுபோல ஒரு சின்ன முக்கோணம். பாஸ்டனில் எலும்புப் புற்றுக்கென்று பதிவேடு தொடங்கிய எர்னஸ்ட் கோட்மேனின் பெயரால் அதைக் கோட்மேன் முக்கோணம் என்பார்கள். ஈரம் காயும்முன்பே ரேடியாலஜிஸ்டிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது டெக்னீசியன் வேலை இல்லை, சொல்லவும் கூடாது. ஆனால் வெளியே காத்திருப்பவர்கள் எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பையனின் அண்ணன்தான் கூட வந்திருந்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் இரண்டு பேரும் பைக்கில் போகும்போது, வளைவில் கிடந்த மணலில் சறுக்கி விழுந்திருக்கிறார்கள். வண்டி ஓட்டியவன் அண்ணன். தம்பிக்கு முழங்காலில் சிராய்ப்பு. பத்து நாளில் ஆறிவிட்டது. அதற்கப்புறம் வலி மட்டும் விட்டுவிட்டு வந்திருக்கிறது. நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு நீவி, பத்துப் போட்டு, கட்டு மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். ராத்திரியில் வலி கூடுதலாக இருந்திருக்கிறது. அடிபட்ட கால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்.

எலும்புப் புற்று என்று தெரிந்த பிறகு அந்த அண்ணன் கேட்டது: "சார், நான் பிரேக் பிடிச்சிருந்தா இவனுக்கு இது வந்திருக்காதுல்ல?"

வந்திருக்கும். அந்தப் பதிலுக்கான காரணத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதப் பார்க்கிறேன். ஏனென்றால் "வந்திருக்கும்" என்று மட்டும் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அடி கண்ணால் பார்த்தது, கட்டி அதே இடத்தில் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் மனம் தானாகக் கோடு போட்டு இணைத்துவிடும்.

இதில் படிக்காதவன், படித்தவன் என்ற பேதமெல்லாம் கிடையாது. கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1976 நவம்பர் 12 அன்று வீட்டுக்குக் காரோட்டிப் போகிறார். பக்கத்தில் பாலம் கட்டும் வேலையைக் கவனித்த நேரத்தில், முன்னால் போன பிக்கப் வண்டியின் பின்பக்கம் கார் மோதுகிறது. வண்டி நாசம், அவருக்கோ வலது முழங்காலில் வலி மட்டும். டிசம்பரில் மறுபடி வலிக்கிறது. கூடைப்பந்து சீசன் முடியட்டும் என்று பொறுத்துக்கொள்கிறார். 1977 மார்ச்சில் தாங்க முடியாமல் மருத்துவமனைக்குப் போனால், ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்று. முழங்காலுக்கு மேலே 15 சென்டிமீட்டரில் காலை எடுத்தார்கள். 1980இல் செயற்கைக் காலுடன் கனடாவைக் குறுக்காக ஓடிக் கடக்கக் கிளம்பி, 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடி, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார். 23 வயதுகூட நிரம்பவில்லை. அந்தக் கார் விபத்துதான் முழங்காலைப் பலவீனமாக்கி நோய்க்கு இடம் கொடுத்தது என்று அவர் நம்பினார். சம்பந்தமே இல்லை என்று அவருடைய டாக்டர்கள் சொன்னார்கள்.

டாக்டர்கள் பக்கம் இருப்பது ஒரு சாதாரணப் பெருக்கல் கணக்கு. கட்டி என்பது ஒரு செல் இரண்டாகி, இரண்டு நாலாகி வளர்வது. ஒரு சென்டிமீட்டர் அளவுக் கட்டியில் ஏறக்குறைய நூறு கோடி செல்கள் இருக்கும். ஒன்றிலிருந்து நூறு கோடிக்குப் போக முப்பது தடவை இரட்டிப்பாக வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை என்று வைத்தால் இரண்டரை வருடம். டெர்ரி ஃபாக்ஸுக்கு விபத்துக்கும் நோய் தெரிந்ததற்கும் நடுவில் நாலு மாதம். விபத்து நடந்த நொடியில் முதல் செல் கெட்டுப்போனது என்றே வைத்துக்கொள்வோம். நாலு மாதத்தில் பதினாறு செல்தான் ஆகியிருக்கும். சரி, வாரத்துக்கு ஒரு தடவை இரட்டித்தது என்று நம்பவே முடியாத வேகத்தைக் கொடுத்தாலும், பதினேழு வாரத்தில் சுமார் ஒரு லட்சத்து முப்பதாயிரம் செல்கள். ஒரு மில்லிமீட்டர்கூட வராது. காலை எடுக்கும் அளவுக்கு வளர்ந்த கட்டி, கார் மோதிய அன்றைக்கு அங்கே ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். கல் தடுக்கி விழுந்தவன் பக்கத்தில் கிடந்த பாம்பைப் பார்த்த கதைதான். பாம்பைக் கல் கொண்டுவரவில்லை.

இன்னொரு விஷயம் எனக்கு இந்தக் கணக்கைவிடப் பெரிதாகப் படுகிறது. அது என் அறையிலேயே எனக்குத் தெரிந்தது. பிள்ளைகள் விழும்போது கையை ஊன்றி விழுவார்கள். குழந்தைகளின் எலும்பு முறிவில் முதலிடம் மணிக்கட்டுக்குத்தான். எத்தனை மணிக்கட்டுப் படம் எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அடிதான் எலும்புப் புற்றை வரவழைக்கிறது என்றால் அது மணிக்கட்டில் குவிந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே அது அபூர்வம். வருவதெல்லாம் முழங்காலுக்கு மேலும் கீழும். அதற்கடுத்துத் தோள்பட்டையை ஒட்டிய கை எலும்பில். வயது பெரும்பாலும் பத்திலிருந்து இருபதுக்குள். பையன்கள் சட்டென்று உயரம் போடும் பருவம். தொடை எலும்பு நீளுவதில் ஏறக்குறைய 70 சதவீதம் முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கும் வளர்தட்டில் நடக்கிறது. செல்கள் ஓயாமல் பிரியும் இடத்தில்தான் பிரிவதில் பிசகும் நேர்கிறது. பாவம், பிள்ளைகள் மைதானத்தில் அதிகம் அடிவாங்குவதும் அதே வயதில், அதே முழங்காலில்.

அடியையும் புற்றையும் இணைக்கும் இந்தக் கோட்டை மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் போட்டதுதான். 1890இல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவரிடம் பெஸ்ஸி டாஷீல் என்ற 17 வயதுப் பெண் வந்தாள். ரயில் பயணத்தில் இருக்கைகளுக்கு இடையே கை மாட்டி நசுங்கியதாகச் சொன்னாள். முதலில் கிருமித்தொற்று என்று நினைத்தார்கள்; சார்கோமா, அதாவது எலும்பிலும் சதையிலும் வரும் புற்று, என்று பின்னால் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே கையை எடுத்தும் அவள் பிழைக்கவில்லை. 1891 ஜனவரியில் இறந்துபோனாள். கோலியை இது ஆட்டிவைத்துவிட்டது. பழைய ஆவணங்களைத் தோண்டி, எரிசிபெலாஸ் என்ற கடும் தோல் தொற்று வந்து கட்டி கரைந்த ஒரு நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, கிருமியை ஊசி மூலம் ஏற்றிப் புற்றைக் கரைக்கும் சோதனையில் இறங்கினார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றை அடக்கும் இன்றைய இம்யூனோதெரப்பிக்கு அவரை முன்னோடி என்கிறார்கள். பெஸ்ஸியின் நெருங்கிய நண்பர் எண்ணெய்க் கோடீஸ்வரர் ஜான் டி. ராக்ஃபெல்லரின் மகன், அந்தக் குடும்பத்தின் பணம் பின்னாளில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போனதில் இந்தச் சாவுக்கும் பங்குண்டு. இதே கோலி, அடிபடுவதால் புற்று வரும் என்று 1911இல் கட்டுரையே எழுதினார்.

எதிர்த்திசையில் கயிற்றை இழுத்தவர் அமெரிக்க நோயியல் மருத்துவர் ஜேம்ஸ் யூயிங். 1921இல் அவர் விவரித்த எலும்புக் கட்டிக்குத்தான் யூயிங் சார்கோமா என்று பெயர். அது தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டங்கள் வந்துகொண்டிருந்த காலம். வேலையில் அடிபட்டேன், கட்டி வந்துவிட்டது, பணம் கொடு என்று வழக்குகள் குவிந்தன. ஒரு கோரிக்கையை ஏற்பதற்கு முன்னால் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று யூயிங் நிபந்தனை போட்டார். அடி உண்மையிலேயே பட்டிருக்க வேண்டும், அதுவும் பலமாக. அதற்கு முன் அந்த இடம் நல்லபடியாக இருந்திருக்க வேண்டும். கட்டி அடிபட்ட அதே இடத்தில் தொடங்கியிருக்க வேண்டும். காயத்தால் வரக்கூடும் என்று நினைக்கத்தக்க வகைக் கட்டியாக இருக்க வேண்டும். நடுவில் பொருத்தமான கால இடைவெளி இருக்க வேண்டும். இதில் இரண்டாவதில்தான் எல்லா வழக்கும் சறுக்கும். அடிபடுவதற்கு முந்தின நாள் எடுத்த எக்ஸ்ரே யாரிடம் இருக்கிறது?

சரி, அப்படியென்றால் காயத்துக்கும் கட்டிக்கும் எந்தக் காலத்திலும் ஒட்டும் இல்லை உறவும் இல்லையா? அப்படி அடித்துச் சொன்னால் அதுவும் பொய். நெருப்புச் சுட்டு, ஆறாமல் பல வருடம் ஈரமாகவே கிடக்கும் தழும்பில் புற்று வரும். 1828இல் ஃபிரான்ஸின் ழான் நிகோலா மார்ஜோலின் தழும்பில் எழும் புண்ணை விவரித்தார். அவர் பெயரில்தான் இன்றைக்கும் அது வழங்குகிறது. வருவதற்குச் சராசரியாக முப்பது வருடம்வரை பிடிக்கும். எலும்பில் சீழ் பிடித்து வருடக்கணக்கில் ஒழுகும் புரையிலும் இதே ஆபத்து உண்டு. காஷ்மீரில் குளிருக்கு அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற கணப்புச் சட்டி தொடையிலும் வயிற்றிலும் சுட்டுச் சுட்டுப் புற்று வருவது தெரிந்த கதை. நம் ஊர்ப் பழக்கத்துக்கும் இதில் இடம் உண்டு. வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டும் இடத்தில் தோல் தடித்து, நிறம் மாறி, புண்ணாகிப் புற்றாவதை 1945இல் மும்பையின் நோயியல் மருத்துவர் கானோல்கர் பதிவு செய்தார். சேலையின் உள்பாவாடை நாடா அழுத்தும் இடத்திலும் இதே கதைதான். ஆனால் கவனியுங்கள், இவை தோல் புற்று வகை. வருடக்கணக்கில் ஆறாத புண்ணும் ஓயாத உறுத்தலும் வேண்டும். ஒரு தடவை விழுந்து எழுந்ததற்கும் இதற்கும் வெகுதூரம்.

சதைக்கட்டிகளில் டெஸ்மாய்டு என்று ஒன்று இருக்கிறது. உடம்பின் வேறு பாகத்துக்குப் பரவாது. இருக்கும் இடத்தில் வேர்விட்டு இறுகிப் படுத்தி எடுக்கும். சிசேரியன் தழும்பை ஒட்டியோ வேறு அறுவை நடந்த இடத்திலோ இது வருவது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். பரம்பரையாகக் குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் என்ற சதை முளைகள் வரும் குடும்பங்களில், வயிற்றில் கத்தி வைத்த பிறகு இது கிளம்புவதும் உண்டு. அங்கே மரபணுவில் முன்கூட்டியே ஒரு கோளாறு காத்திருக்கிறது. காயம் அதைத் தட்டி எழுப்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கோழி ஆராய்ச்சி இன்னும் சுவாரசியம். கோழிகளுக்குப் புற்று உண்டாக்கும் ரௌஸ் சார்கோமா வைரஸைக் கோழிக்குஞ்சின் ஒரு சிறகில் ஏற்றினால் அங்கே கட்டி வரும். மறுசிறகில் சும்மா ஒரு காயம் உண்டாக்கினால் அங்கேயும் வரும் என்று 1980களில் அமெரிக்க ஆய்வாளர் மினா பிஸ்ஸெல் குழு காட்டியது. காயம் ஆற்றுவதற்காக உடம்பு சுரக்கும் பொருள்களே கட்டிக்கும் ஊட்டமாகிவிடுகின்றன. பூனைகளுக்குத் தடுப்பூசி போட்ட இடத்தில் சார்கோமா வருவதை 1991இல் அமெரிக்காவில் கவனித்தார்கள். பல ஆயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில்தான். அதற்கப்புறம் கால்நடை மருத்துவர்கள் பிடரியில் போடாமல் காலில் போடத் தொடங்கினார்கள். கால் என்றால் தேவைப்பட்டால் எடுத்துவிடலாமே என்ற கணக்கு. இது பூனையின் உடம்புக்கு உள்ள விசேஷம். இதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் யாராவது கிளப்பிவிட்டால் நான் பொறுப்பில்லை.

இதற்கு நேர் தலைகீழான வேடிக்கையும் உண்டு. உண்மையிலேயே அடியால் வந்து, புற்று மாதிரி நடிக்கும் கட்டி. தொடையில் பந்தோ முட்டியோ பலமாக மோதினால், உள்ளே ரத்தம் கட்டி, மூன்று நாலு வாரத்தில் அந்தச் சதைக்குள் சுண்ணாம்பு படிய ஆரம்பிக்கும். மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்று பெயர். அவசரப்பட்டு இரண்டாம் மூன்றாம் வாரத்தில் சதைத்துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், தேர்ந்த கண்ணுக்கே ஆஸ்டியோசார்கோமா என்று தோன்றலாம். எக்ஸ்ரேயில் வித்தியாசம் தெரியப் பொறுமை வேண்டும். ஆறு எட்டு வாரத்தில் இதன் வெளி ஓரம் நல்ல எலும்பாக முற்றி, நடுப்பகுதி இளசாக இருக்கும். புற்றில் நடுவில்தான் அடர்த்தி. ஓரம் கலங்கலாகத் தெரியும். நம் பக்கம் இது அதிகமும் முழங்கையில் வரும். பிள்ளை கை ஒடிந்து வந்தால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு அழுத்தி உருவி, ஒடிந்த எலும்பைச் சுற்றியுள்ள சதையை எலும்பாக்கிக் கையை மடக்க முடியாமல் செய்துவிடுவார்கள். "முழங்கையை மட்டும் நீவாதீங்கம்மா" என்று எலும்பு வார்டு டாக்டர்கள் தொண்டை வற்றக் கத்துவார்கள்.

இதிலும் ஒரு திருப்பம். முழங்கை, தொடை சமாசாரமும், நோடுலர் ஃபேசியைட்டிஸ் என்ற சின்னச் சதைக்கட்டியும் வெறும் காயத்தின் எதிர்வினைதான், கட்டி வகையில் சேராது என்றே வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். 2011இல் பார்த்தால் அந்த ஃபேசியைட்டிஸில் யுஎஸ்பி6 என்ற மரபணு வேறொன்றோடு வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. மயோசைட்டிஸ் சிலவற்றிலும் அதே மரபணு அகப்பட்டது. சில மாதம் வளர்ந்து, தானே அடங்கிப்போகும் கட்டி. ஆக, அடிக்குப் பிள்ளை என்று நாம் நிச்சயமாக நினைத்ததிலேயே மரபணுப் பிசகு ஒளிந்திருந்தது. காயம் அங்கே எந்த அளவுக்குக் குற்றவாளி என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது.

அந்த அண்ணனிடம் வருகிறேன். தம்பிக்கு வந்தது பத்து லட்சம் பேருக்கு வருடத்துக்கு மூன்று நாலு பேரைப் பிடிக்கும் நோய். கீமோதெரப்பி வருவதற்கு முன் காலை எடுத்தாலும் ஐந்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. பரவுவதற்குள் பிடித்துவிட்டால் இன்று பத்துக்கு ஆறு ஏழு பேர் பிழைக்கிறார்கள். பல பேருக்குக் காலையும் காப்பாற்றிவிடுகிறார்கள். பைக்கில் விழுந்ததால் ஒரு கெடுதி நடந்தது உண்மைதான். வலிக்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அதற்குமேல் யாரும் தேடவில்லை. சிராய்ப்பு ஆறிய பிறகும் வலி நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தாலும் படுத்திருந்தாலும் வலிக்கிறது, ராத்திரி எழுப்பிவிடுகிறது, வீக்கம் வற்றாமல் கூடுகிறது. இவையெல்லாம் அடிபட்ட வலியின் குணமே இல்லை. விபத்து மட்டும் நடந்திராவிட்டால், "சும்மா இருந்த காலு எதுக்குடா வலிக்குது" என்று அவன் அம்மாவே சீக்கிரம் கூட்டிவந்திருப்பாள். இதை அவனிடம் நான் சொல்லவில்லை. ஓட்டியது உன் தப்பில்லை என்று டாக்டர் சொன்னார். நானும் கூட நின்று தலையாட்டினேன்.

என் சித்தப்பா கதை வேறு. அறுபது வயதில் சந்தையில் ஒரு மொபெட்காரன் தொடையில் இடித்துவிட்டுப் போனான். சில வாரம் கழித்து அதே தொடையில் கல் மாதிரி ஒரு தடிப்பு. ரத்தக்கட்டு என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். நிஜ ரத்தக்கட்டு என்றால் மேல்தோல் முதலில் நீலம் பாரித்து, பச்சையாகி, மஞ்சளாகி மறையும். உள்ளே உள்ளதும் வாரத்துக்கு வாரம் சுருங்கும். இவருக்குத் தோலில் நிறமே மாறவில்லை. தடிப்பு எலுமிச்சம்பழத்தைத் தாண்டிவிட்டது. சதைக்கட்டி ஆழத்தில் இருந்தால், ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினால், வளர்ந்துகொண்டே போனால், எம்.ஆர்.ஐ. எடுக்காமல் யாரும் கத்தியைத் தொடக்கூடாது. சோதனைக்குச் சதைத்துண்டு எடுக்கும் பயாப்ஸியும் பின்னால் கட்டியை எடுக்கப்போகும் அறுவை மருத்துவர் சொல்லும் இடத்தில், சொல்லும் திசையில் செய்ய வேண்டும். ஊசி போன தடத்தையும் கட்டியோடு சேர்த்து எடுத்தாக வேண்டும். பயாப்ஸி தப்பாகச் செய்ததால் மட்டுமே அநாவசியமாகக் கால் போனவர்கள் உண்டு என்று 1982இல் எலும்பு அறுவை மருத்துவர் ஹென்றி மேங்கின் அமெரிக்காவிலேயே கணக்கெடுத்துக் காட்டினார். 1996இல் மறுபடி எடுத்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. சித்தப்பாவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் இல்லாமலே மரப்பு ஊசி போட்டுக் கீறி, ரத்தம் வராமல் சதையாக வந்ததும் பயந்து தைத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் பெரிய ஊருக்குப் போய், தொடையில் பாதிச் சதையை எடுத்து, ரேடியேஷன் கொடுத்து, பிழைத்துக்கொண்டார்.

இப்போது கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். யூயிங்கின் முதல் நிபந்தனையே உங்களுக்குத் தேறாது, அன்றைக்கு ஒரு கன்றல்கூட இல்லையே என்று ஒரு நாள் விளக்கிப் பார்த்தேன். முப்பது இரட்டிப்புக் கணக்கையும் தாளில் போட்டுக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவனமாகப் பார்த்தார்.

"கணக்கெல்லாம் சரிதான்டா. இருந்தாலும் அந்த மொபெட்காரன் மேல ஒரு கேஸ் போட்டிருக்கணும்."